பச்சை வரும் வரை

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஒரு நாற்றம். எங்கள் அலுவலகத்தின் தெர்மாகோல் கூரைக்கு மேலே எலி ஒன்று செத்துக் கிடந்த நாற்றம்.

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். சின்னப் பத்திரிகைகள், சங்கங்கள், பள்ளிக்கூடங்கள் எல்லாம் இணையத்தில் தங்கள் பக்கங்களைத் தாங்களே எழுதி வெளியிட்டுக்கொள்ள ஒரு தளத்தை நடத்தினார் எங்கள் முதலாளி. அவரும் மென்பொருள் எழுதுகிறவர்களும் சென்னையில் இருந்தார்கள். அவர்கள் எழுதியது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கிற வேலை மட்டும் இங்கே. அதற்குப் பிளஸ் டூவும் டைப்ரைட்டிங்கும் முடித்த பெண்கள் போதும் என்று என்னையும் ரேவதியையும் எடுத்தார்கள். எங்களுக்கு மேற்பார்வையாளராகப் பிறகு வந்து சேர்ந்தவர்தான் நான் சொல்ல வந்த அவர். வாலாஜாபாத் பக்கமிருந்து தினமும் பஸ்ஸில் வருவார்.

எலி நாறத் தொடங்கியதும், ஏணி வாங்கி வந்து கூரைப் பலகையைத் தூக்கிப் பார்க்கலாம் என்றாள் ரேவதி. அவர் கீழே இறங்கிப் போய் ஊதுபத்திக் கட்டு ஒன்று வாங்கி வந்தார். வாழைப்பழத்தில் நான்கைந்தைக் குத்திக் கொளுத்தி மேஜை மேல் வைத்தார்.

"இன்னாம்மா, இப்ப நாத்தம் வருதா? வரல இல்ல? போ, போயி வேலயப் பாரு."

இரண்டு நாளில் கூரையில் ஈரம் கசிந்து மஞ்சளாக ஒரு வட்டம் விழுந்தது. அதன் மேல் அவர் ஒரு முருகன் காலண்டரை ஒட்டினார். சுவரில் இல்லை, கூரையில். நாற்காலி மேல் ஏறி, அண்ணாந்து, நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டினார்.

"சார், எலிக்குக் கோயிலே கட்டிட்டீங்க. கும்பாபிஷேகம் எப்போ?" என்றாள் ரேவதி.

அவருக்குக் கோபமே வராது. வயிறு குலுங்கச் சிரித்தார். "தெரியுதா இப்ப? தெரியல இல்ல? அவ்ளோதாம்மா" என்றார்.

அந்த "தெரியல இல்ல?" அவர் வாயிலிருந்து ஒரு நாளில் எத்தனையோ தடவை வரும். சட்டைப் பையில் பேனா ஒழுகி நீலக்கறை பிடித்துவிட்டால் அடையாள அட்டையை அந்த இடத்தில் தொங்கவிட்டுக்கொள்வார். குளிக்காமல் வந்த நாளில் கழுத்தில் பவுடர் அடைஅடையாக இருக்கும். மத்தியானம் அது வேர்வையில் கரைந்து வெள்ளைக் கோடாகக் காலருக்குள் இறங்கும். தின்ற டப்பாவைக் கழுவாமல் மூடி மேஜை அறைக்குள் வைத்துவிடுவார். சனிக்கிழமை மூடியதைத் திங்கட்கிழமை திறப்பார். திறந்ததில் பிசுபிசுத்த விரலை ஜன்னல் திரையில் துடைத்துவிட்டு, துடைத்த பக்கத்தை உள்ளே திருப்பி விடுவார். அந்தத் திரையை நான் ஒருநாளும் தொட்டதில்லை.

ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் அவரை நல்ல மனுஷன் என்றுதான் சொல்லியிருப்பார்கள். எங்களை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. என் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, நான் கேட்கக் கூச்சப்பட்டு நிற்பதைப் பார்த்து அவராகவே லீவு கொடுத்தார். வேலையும் தெரிந்தவர்தான். அதையும் சொல்லியாக வேண்டும்.

அவர் வருவதற்கு முன் எல்லாவற்றையும் நாங்கள் கையால் பார்த்தோம். ஒரு பக்கம் எழுது, சேமி, வெளியிடு, திருத்து, அழி. படம் ஏற்று. கடவுச்சொல்லை வேண்டுமென்றே தப்பாகப் போடு. சென்னையில் ஓர் எழுத்தை மாற்றினாலும் நாங்கள் மறுபடி முதலிலிருந்து இதையெல்லாம் செய்ய வேண்டும். கண் பூத்துப் போகும்.

அவர் வந்து, மூலையில் சும்மா கிடந்த கணினி ஒன்றைத் துடைத்து எடுத்து என்னென்னவோ ஏற்றினார். பல நாள் உட்கார்ந்து எழுதினார். ஒருநாள் காலையில் எங்களைக் கூப்பிட்டு, "கை கட்டிக்கினு பாருங்க" என்றார். யாரும் மவுஸைத் தொடவில்லை. பக்கம் தானாகத் திறந்தது. பெயர் எழுத்தெழுத்தாகத் தானே விழுந்தது. பொத்தான் தானே அழுந்தியது. ஒரு கட்டுரை தானே எழுதப்பட்டு, தானே வெளியாகி, தானே அழிந்தது. ஒவ்வொன்றும் முடிந்ததும் பக்கத்தில் ஒரு பச்சைப் பட்டை விழுந்தது.

"பேய் பூந்துக்கிச்சு சார்" என்றாள் ரேவதி.

"பேய் இல்லம்மா. நான்தான் உள்ள கீறேன்."

அன்று எனக்கு அவர் மேல் உண்மையான மரியாதை வந்தது. அவரே எங்களுக்குச் சொல்லியும் கொடுத்தார். என்ன நடக்கவேண்டுமோ அதை முதலில் எழுதிவிட வேண்டும். பிறகு தளத்தை ஓட்டி, நடந்தது அதோடு ஒத்துப்போகிறதா என்று கணினி பார்க்கும். ஒத்துப்போனால் பச்சை. இல்லையென்றால் சிவப்பு. இவ்வளவுதான் விஷயம். என்னைப் போன்றவளுக்கும் புரிந்தது.

சிக்கல் கரண்டில் தொடங்கியது. மின்வெட்டு நேரத்தைத் தினசரியில் போட்டுக்கொண்டிருந்த வருடங்கள் அவை. போட்ட நேரத்தில் போகாது, போடாத நேரத்தில் போகும். இணைய இணைப்பும் சவலைப்பிள்ளை போலத்தான் இருக்கும். பக்கம் திறக்கத் தாமதமானால், தளத்தில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும் சோதனை சிவப்பு காட்டிவிடும். முதலாளிக்கோ தினமும் காலையில், எல்லாப் பட்டைகளும் பச்சையாக இருக்கிற படம் ஒன்று மின்னஞ்சலில் போய்ச் சேர வேண்டும். ஒரு சிவப்பு இருந்தாலும் போன் வரும். போன் வந்தால் அவருக்கு முகம் வாடிவிடும். அன்று மத்தியானம் சாப்பாடு கூட இறங்காது.

அதனால் அவர் ஒரு ஏற்பாடு செய்தார். சிவப்பு வந்தால் கணினி, சோதனையை முதலிலிருந்து தொடங்காமல், சிவந்த அந்தப் படியை மட்டும் தானே மறுபடி ஓட்டும். மறுபடியும் சிவப்பென்றால் இன்னொரு தடவை. எந்தத் தடவை பச்சை வருகிறதோ, அது பச்சை. முன்னே வந்த சிவப்புகளுக்குக் கணக்கில்லை. மின்வெட்டுக்கு அது நல்ல ஏற்பாடு என்றுதான் நானும் நினைத்தேன்.

சோதனைகளில் ஒன்று வரைவு பற்றியது. ஒருவர் கட்டுரை எழுதி, வெளியிடாமல் வரைவாக வைக்கிறார். எப்படி வந்திருக்கிறது என்று ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்கிறார். அதன் பிறகு முன்பின் தெரியாத யாரோ அந்தத் தளத்துக்கு வருகிறார். அவர் கண்ணில் அந்த வரைவு படக் கூடாது. இந்தச் சோதனை மட்டும் தினமும் முதல் தடவை சிவந்தது. இரண்டாம் தடவை பச்சையானது.

கண்டுபிடிக்கவே வேண்டியதில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

"சார், தெனம் அதே எடத்துல செவக்குது" என்றாள் ரேவதி.

"லைன் ஸ்லோம்மா."

"லைன் ஸ்லோன்னா எல்லாம்ல செவக்கணும்? இதுக்கு மட்டும் இன்னா தனியா லைனா போட்டுக்கீறாங்க?"

அவர் சிரித்தார். நான் மெல்ல, "சென்னைக்கு ஒரு வார்த்த சொல்லிடலாமே சார்" என்றேன். "இன்னாம்மா சொல்ற, காதுல வுழல" என்றார். மறுபடியும் சொன்னேன். "சொல்லலாம் சொல்லலாம்" என்றார்.

மறுநாள் காலையில் திரையில் அந்தச் சிவப்பு இல்லை. கோளாறைச் சரிசெய்துவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டேன். அப்படி இல்லை. முதல் தடவைகளைத் திரையில் காட்டாமல், கடைசியாக வந்த நிறத்தை மட்டும் காட்டும்படி அவர் மாற்றிவிட்டிருந்தார்.

"தெரியுதா இப்ப? தெரியல இல்ல?"

அவர் தலைக்கு மேலே முருகன் காலண்டர் ஓரங்களில் ஊறிப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது.

கோளாறு என்னவென்று பிற்பாடு சென்னையிலிருந்து வந்த ஒரு பையன் விளக்கினான். வேகத்துக்காகத் தளம் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளும். எழுதுகிறவர் தன் வரைவைத் திறந்து பார்த்தால் அந்தப் பிரதியையும் வைத்துக்கொள்ளும். அடுத்து வருகிற முதல் ஆளுக்கு அதை அப்படியே நீட்டிவிடும். நீட்டிய பிறகுதான் அது வரைவு என்று அதற்கு உறைக்கும். இரண்டாவதாக வருகிறவருக்குக் காட்டாது. அந்த முதல் ஆளைத்தான் எங்கள் சோதனை தினமும் காலையில் கூவிக் கூவிச் சொல்லிக்கொண்டிருந்தது. அதன் வாயைத்தான் இவர் பொத்தினார்.

அந்தத் தளத்தில் பக்கம் வைத்திருந்தவர்களில் சாமுவேல் அண்ணனும் ஒருவர். திருப்புலிவனம் பக்கத்துச் சேரியிலிருந்து மொபெட்டில் வருவார். கூலிவேலைக்காரர்கள் விஷயங்களை எழுதி மாதப் பத்திரிகை ஒன்றை ஒற்றை ஆளாக நடத்தினார். அவர் ஊரில் இணையம் இல்லாததால் எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்தே தட்டுவார். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. பேசியவர்களின் உண்மைப் பெயர்களைப் போட்டே முதலில் எழுதுவார். யார் எதைச் சொன்னார்கள் என்று குழம்பாமல் இருப்பதற்காக. வெளியிடுகிற அன்று ஒவ்வொரு பெயரையும் வேறு பெயராக மாற்றிவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவார்.

அந்தத் தடவை அவர் எழுதிக்கொண்டிருந்தது கன்னியம்மாவைப் பற்றி. ஏரிக்கு அந்தப் புறம் இருந்த இருளர் குடிசைகளில் இருந்தவள். அவள் புருஷன் கல்குவாரியில் வெடி வைத்தபோது பாறை சரிந்து செத்தான். குவாரிக்காரர்கள் உடம்பை ஏரிக்குக் கொண்டுபோய்ப் போட்டு, குடித்துவிட்டு விழுந்துவிட்டான் என்று சொல்லிவிட்டார்கள். அவன் அங்கே வேலையே செய்ததில்லை என்றும் சொன்னார்கள். கன்னியம்மா அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் அவளே நேரில் மனு கொடுப்பதாக ஏற்பாடு. கட்டுரையும் அன்றுதான் வெளியாக வேண்டும். அதற்குள் யாருக்கும் தெரியக் கூடாது. ஏனென்றால் அவள் குடிசை இருந்தது குவாரிக்காரர் நிலத்தில். ஞாயிற்றுக்கிழமை அவளைத் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டால் பிறகு பயமில்லை.

வெள்ளிக்கிழமை எழுதி முடித்து அண்ணன் என்னிடம்தான் கேட்டார். "தங்கச்சி, வரைவா வச்சா வெளியாளு யாரும் பாக்க முடியாதுல்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் சார் நாற்காலியோடு உருண்டு வந்தார். "அதுக்குத்தானே டெஸ்ட்டு ஓட்றோம்! தோ பாருங்க, தெனம் பச்சை."

"சார், மொத வாட்டி செவக்குதே" என்றேன். அண்ணன் காதில் விழும்படியாகத்தான் சொன்னேன்.

அவர் அண்ணனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "பொம்பளப் பசங்க. கரண்ட்டு போனாக் கூட மெஷின் கெட்டுப்போச்சுன்னு பயந்துக்கும்."

அண்ணனும் சிரித்துவிட்டார். படித்த ஆள் சொல்கிறார், பட்டையும் பச்சையாக இருக்கிறது. வேறென்ன செய்வார்? வரைவை ஒருமுறை திறந்து பார்த்து, எழுத்துப் பிழைகளைத் திருத்தி வைத்துவிட்டுப் போனார்.

குவாரி மேனேஜரின் மகன் சாமுவேல் அண்ணனின் பக்கத்தைத் தினமும் போய்ப் பார்க்கிறவன். முன்பு லாரிகளைப் பற்றி அண்ணன் எழுதியதிலிருந்து அப்படி. அன்று அண்ணனுக்கு அடுத்து வந்த முதல் ஆள் அவன்தான். பிரவுசிங் சென்டரிலேயே பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்விட்டான். சனிக்கிழமை விடிந்ததும் பொக்லைன் வந்து கன்னியம்மா குடிசையையும் பக்கத்துக் குடிசைகளையும் தள்ளிவிட்டது. பிரிண்டைக் காட்டி, "உன் பேர அந்தப் பத்திரிகைக்காரனே குடுத்துட்டான் பாரு" என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அன்று பத்து மணிக்கு அண்ணன் மாடிப்படி ஏறி வந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. முகமெல்லாம் புழுதி.

"நான் வெளியிடவே இல்ல சார். வரைவாத்தான் வச்சேன். எப்டி சார் வெளிய போச்சு?"

அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கோப்பையை வைத்துவிட்டு, திரையை அண்ணன் பக்கம் திருப்பினார். "இன்னிக்கும் பச்சைதாங்க. நேத்தும் பச்சை. எங்க பக்கம் ஒண்ணும் கெடையாது. உங்க பக்கந்தான் யாராச்சும் வாயி வுட்டிருப்பாங்க."

முதலாளிக்குப் போன் போனது. முதலாளியும் அதையே சொன்னார். பச்சைப் படம் அவரிடமும் இருந்ததே.

ரேவதி எழுந்தாள். "அண்ணே, நீங்க வரைவத் தொறந்து பாத்துட்டு மூடுங்க" என்றாள். அண்ணன் அப்படியே செய்தார். என் கணினியில் யார் பெயரிலும் நுழையாமல், வெளி ஆளாக அந்தப் பக்கத்தைத் திறந்தேன். முழுக் கட்டுரையும் வந்து நின்றது. இரண்டாம் வரியில் கன்னியம்மா என்று இருந்தது. அவள் புருஷன் பெயர், ஊர், எல்லாம் இருந்தது.

அண்ணன் திரையில் அந்தப் பெயரை விரலால் தொட்டுக் காட்டினார்.

அப்போது எங்கள் சார் எங்களுக்கு நடுவில் கையை நீட்டினார். அவர் அக்குளிலிருந்து பவுடரும் வேர்வையும் கலந்து வீசியது. டீ ஒட்டிய விரலால் என் கீபோர்டில் ஒரு பொத்தானைத் தட்டினார். பக்கம் ஒருமுறை அணைந்து மறுபடி வந்தது. கட்டுரை இல்லை. 'இப்படி ஒரு பக்கம் இல்லை' என்று மட்டும் இருந்தது.

"தெரியுதா இப்ப?" என்றார் அண்ணனைப் பார்த்து. குரலில் அதே அன்பு. "தெரியல இல்ல?"

எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பேச்சுக்காகச் சொல்லவில்லை. பாத்ரூமுக்குப் போய் உண்மையாகவே வாந்தி எடுத்தேன். செத்த எலியின் கீழே உட்கார்ந்து அத்தனை மாதம் சோறு தின்றிருக்கிறேன், அப்போதெல்லாம் வராதது அன்று வந்தது.

முகம் கழுவிவிட்டு வந்தபோது அண்ணன் படியில் உட்கார்ந்திருந்தார். "கன்னிம்மா எம் மூஞ்சியக் கூடப் பாக்க மாட்டன்னுது தங்கச்சி. மனு குடுக்க வரமாட்டாளாம். அவ இல்லாம அந்த மனுவுல ஒண்ணும் இல்ல. அவன் குவாரிலதான் செத்தான்னு சொல்றதுக்கு வேற ஆளு கெடையாது" என்றார்.

"நான் வந்து சொல்றண்ணா" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை போலிருந்தது. மறுபடி சொன்னேன். மேலேயிருந்து, "இன்னாம்மா, எங்க கெளம்பிட்ட?" என்று சார் கேட்டது காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்காமல் அண்ணனின் மொபெட்டில் பின்னால் ஏறினேன்.

ஏரிக்கரையில் ஒரு வேலமர நிழலில் கன்னியம்மா உட்கார்ந்திருந்தாள். நசுங்கிய அலுமினியப் பானைகள், ஒரு துணிமூட்டை, கால் கட்டிய கோழி ஒன்று. தம்பி ஊருக்குப் போகும் டிராக்டருக்காகக் காத்திருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் காறித் துப்பினாள்.

"இன்னாத்துக்கு வந்த? எம் பேர வித்துத் துன்னது பத்தலயா?"

அண்ணன் தள்ளியே நின்றுவிட்டார். நான் அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன். "அண்ணன் சொல்லலக்கா. எங்க ஆபீசு மிஷின்ல கோளாறு. எழுதி உள்ள வச்சத மொத ஆளுக்குக் காட்டிட்டுது."

"மிசினா?" என்றாள். "மிசினுக்கு நா இன்னாம்மா கெடுதி பண்ணேன்?"

தெரிந்த மட்டும் விளக்கினேன். சிவப்பு, பச்சை எல்லாம் சொன்னேன். அவள் கண் எடுக்காமல் கேட்டாள்.

"தெனம் செவப்பு காட்டிச்சா?"

"தெனம் காட்டிச்சிக்கா. எங்க சார் பச்சை வர்ற வரிக்கும் திருப்பித் திருப்பி ஓட்டுவாரு. அப்பறம் செவப்பே கண்ணுல படாத மாரி பண்ணிட்டாரு."

"அப்ப ஆளு கீறான்! மிசினு மிசினுன்ற. அவன் பேரு இன்னா?"

"வாணாம் தங்கச்சி" என்றார் அண்ணன் பின்னாலிருந்து. "உனக்கு வேல போயிடும்."

கன்னியம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. "எம் பேரு ஊருக்கே தெரிஞ்சி போச்சு. அவன் பேரு எனக்குத் தெரியக் கூடாதா?" என்றாள்.

அந்தப் பெயரை இங்கே எழுத எனக்குக் கை கூசுகிறது. அன்று கூசவில்லை. இனிஷியலோடு, ஊரோடு சேர்த்துச் சொன்னேன். ஒரே தடவையில் கேட்கும்படி சொன்னேன். கன்னியம்மா அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். தொலைவில் டிராக்டர் வரும் சத்தம் கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. மூட்டையை நகர்த்தி நிழலில் இடம் விட்டாள்.

"குந்துப்பா" என்றாள் அண்ணனிடம். "திங்கக்கெழம மொத பஸ்சு எத்தினி மணிக்கு?"